சப்பாத்திக்கு மாறினால் போதுமா?

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். இரவுச் சோறு நின்று சப்பாத்தி வருகிறது. காலை இட்லி போய்க் கேழ்வரகுக் கஞ்சி வருகிறது. வெள்ளைச் சர்க்கரை டப்பாவில் கருப்பட்டி நிரம்புகிறது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிப் பத்தியம், சமைப்பவருக்கு இரட்டை வேலை. இவ்வளவுக்குப் பிறகும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இறங்காவிட்டால், பழி நோயாளியின் நாக்கின் மேல் விழுகிறது. தட்டில் எந்தத் தானியம் இருக்கிறது என்று பார்க்கிறோமே தவிர, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கோளாறு அங்கேதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் இன்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் கணக்கிட்டது. அதே ஆய்வின் உணவுக் கணக்கு 2025-இல் வெளியானது. இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் வகைப் புரதம் வந்தால் குறைகிறது என்றது அது. இது ஒரே சமயத்தில் எடுத்த கணக்குதான், காரணத்தை நிரூபிக்காது என்று ஆட்சேபிக்கலாம், நியாயம்தான். ஆனால் எந்தத் தானியத்தின் மாவுச்சத்தும் குடலில் குளுக்கோஸாகத்தான் உடைகிறது. நைசாக அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி இன்னும் வேகமாகவே உடையும். நான்கு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுச் சோற்றைத் தொடவில்லை என்று பெருமைப்படுவதில் பொருளில்லை.

மாவுச்சத்தைக் குறைக்கப் புதுச் சமையல் எதுவும் கற்க வேண்டியதில்லை. நம் சமையலில் தொட்டுக்கொள்ள என்று ஓரத்தில் வைப்பதைத் தட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும். பாதித் தட்டுக்குக் கீரை மசியல், அவரைப் பொரியல், புடலங்காய்க் கூட்டு, கால் தட்டுக்குச் சுண்டலோ முட்டையோ மீனோ, மிச்சத்துக்குச் சோறு. உருளைக்கிழங்குப் பொரியல் காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும். ‘தினமும் சாம்பார்தானே, பருப்பு சேர்கிறதே’ என்பவர்கள் கரண்டியை அடிவரை விட்டுப் பார்க்கலாம். காயையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றுக்குக் கடைசியில் வந்தால், சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறைவாக இருப்பதைச் சிறிய சோதனைகள் சில காட்டியிருக்கின்றன. இந்தத் தட்டு வீட்டில் எல்லோருக்கும் நல்லது. ஆகவே தனிச் சமையலும் தேவையில்லை.

சோறு குறைந்தால் பசி தாங்காது என்பார்கள். சோற்றை மட்டும் குறைத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் தாங்காதுதான். புரதமும் நார்ச்சத்தும் வந்தால் பசி தாங்கும். மருத்துவ எச்சரிக்கைதான் இதைவிடக் கனமானது. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைத்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்குப் புரத அளவையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

பருப்பும் காயும் விலை அதிகம் என்ற ஆட்சேபத்துக்கு மட்டும் வீட்டுக்குள் முழு விடை இல்லை. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், மாதத்துக்கு ஒரு கிலோ. நான்கு பேர் வீட்டில் அது தலைக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் சொச்சம். சோற்றைக் குறை, பருப்பைக் கூட்டு என்று ஏழைக்கு அறிவுரை சொல்லும் அரசு, முதலில் அந்த ஒரு கிலோவை இரண்டாக்கட்டும்.