கேமரா கடைக்காரரைக் கொன்னது அமேசான் இல்லீங்கோ!

2013 ஜனவரியில் இங்கிலாந்தில் ஜெஸ்ஸாப்ஸ் என்ற கேமரா கடைச் சங்கிலி திவாலாகி இழுத்து மூடப்பட்டது. 1935-ல் லெஸ்டரில் ஆரம்பிச்ச கடை. மூடும்போது 187 கிளைகள், சுமார் 1,370 பேருக்கு வேலை போச்சு. ஒரு கிளையின் ஊழியர்கள் போகும்போது கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டிட்டுப் போனாங்க: அமேசானில் வாங்கினதுக்கு எங்க நன்றி, என்கிற மாதிரி. செம குத்தல். இன்னிக்கும் கேமரா கடைகள் பற்றிப் பேச்சு வந்தா யாராவது ஒருத்தர் அந்தப் படத்தைத் தூக்கிட்டு வந்துடுவாங்க. பாவமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் காகிதத்துல இருக்கறது பாதி உண்மைதான் மக்களே.

மீதிப் பாதிக்கு ஃபிலிம் காலத்துக்குப் போகணும். நான் அப்போ கேமரா வாங்குற வயசுல இல்லை, எங்க பெரியப்பா வாங்கினவர். அவர் தன்னோட கடைக்காரரைப் பற்றிப் பேசறதைக் கேட்டா ஏதோ குடும்ப டாக்டரைப் பற்றிச் சொல்ற மாதிரி இருக்கும். யோசிச்சுப் பாருங்க. கேமரா ஒரு தடவைதான் விற்கும். ஆனா 36 படத்துக்கு ஒரு ரோல் வாங்கணும், கழுவக் கொடுக்கணும், பிரிண்ட் வாங்கப் போகணும், சித்தி கேட்டாங்கன்னு இன்னொரு காப்பி போடணும். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் உங்க படத்தைப் பார்க்கிறார். "ஃப்ளாஷ் அவ்வளவு தூரம் எட்டாது தம்பி, மண்டபத்துக்குன்னா 400 ரோல் போடுங்க" என்கிறார். அது தர்ம சிந்தனை இல்லைங்க. உங்க படம் நல்லா வந்தாத்தான் அவருக்கு அடுத்த ரோல் விற்கும். அவர் லாபமும் உங்க திறமையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது.

டிஜிட்டல் வந்து அந்தக் கயிற்றை அறுத்தது. ரோல் இல்லை, கழுவுற வேலை இல்லை, பெட்டியை விற்றதோட உறவு முடிஞ்சது. கேமராவில் கிடைக்கிற லாபம் ரொம்பக் குறைச்சல், அதனால பை, ட்ரைபாட், யூவி ஃபில்டர், மெமரி கார்டுன்னு தலையில் கட்டணும். படம் பார்த்துச் சொன்ன பெரியவர் இருந்த இடத்துல கம்பெனி டீஷர்ட் போட்ட ப்ரொமோட்டர் தம்பி வந்து நின்னார். அவருக்கு மாச டார்கெட். அவர்மேல எனக்குக் கோபமே இல்லை, நம்ம ஆபீஸ் அப்ரைசல் மாதிரிதான் அவர் பிழைப்பும் :-)

ஆனா விளைவைப் பாருங்க. போன வருஷம் நண்பர் ஒருத்தரோட சென்னையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன் (பேரெல்லாம் வேணாம்). அவருக்குக் குழந்தை பிறந்து அஞ்சு மாசம். வீட்டுக்குள்ள படம் எடுக்கணும், அவ்வளவுதான் தேவை. என்ன எடுக்கப் போறீங்கன்னு ஒரு கேள்வி கேட்கலை, நேரா டபுள் லென்ஸ் கிட் மேஜைமேல வந்துடுச்சு. கிட் லென்ஸை முழுசா ஜூம் பண்ணா எஃப்/6.3. ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்துல, ஒரு நொடி அசையாம இருக்காத குழந்தையை இதுல எடுத்தா மங்கலாத்தான் வரும். 50 மிமீ எஃப்/1.8 இருக்கான்னு கேட்டோம். கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 12 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். "அதெல்லாம் ப்ரொஃபஷனல்ஸ் வாங்குறது சார்" என்று பதில்! கையில பிடிச்சு ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமான்னா பேட்டரியில சார்ஜ் இல்லை. கடைசியில வழக்கமான அந்தக் கேள்வி, பில்லோட ஒரு விலை, பில் இல்லாம ஒரு விலை. பில் இல்லாட்டி வாரண்டி? "கடை வாரண்டி சார்." டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சது 2019 ஜனவரியில். இந்தப் பழக்கம் மட்டும் குறையலை.

இதுக்குத்தான் பெட்ரோல் போட்டுக்கிட்டு கடைக்கு வரணுமா? இதே அலட்சியத்தை வெப்சைட் கொஞ்சம் தள்ளுபடியோட வீட்டுக்கே கொண்டு வந்து தருதே!

செல்போன் வந்ததால வியாபாரமே படுத்துடுச்சுன்னு சொல்வாங்க. உண்மை. ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கமான சிப்பாவின் கணக்குப்படி 2010-ல் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் கம்பெனிகளை விட்டுப் போச்சு. 2023-ல் 80 லட்சத்துக்கும் கீழே. ஆனா அதுக்கு என்ன அர்த்தம்? சும்மா வாங்கினவங்க எல்லாரும் போயாச்சு. இன்னிக்கு லட்ச ரூபாயோட கடைக்குள்ள வர்ற ஆள் கத்துக்கணும்னு வர்ற ஆள். அவர்கிட்ட பேசத் தெரிஞ்ச ஒருத்தர் அங்கே இல்லை.

"யூட்யூப்லதான் எல்லாம் இருக்கே"ன்னு பின்னூட்டத்துல யாராவது கிளம்புவீங்க, தெரியும். வீடியோக்காரர் உங்க படத்தைப் பார்த்ததில்லை. பலருக்கும் கீழே இருக்கிற லிங்க்கை நீங்க அமுக்கினா கமிஷன் வேற.

நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. நல்லா விளக்கிச் சொல்ற ஒன்றிரண்டு கடைகள்ல போய், மூணு லென்ஸை மாட்டிப் பார்த்து, சந்தேகம் எல்லாம் கேட்டுட்டு, வாசல்ல நின்னே ஆன்லைன்ல ஆர்டர் பண்றதைச் சாமர்த்தியம்னு பதிவு வேற போடறாங்க. அந்த முக்கால் மணி நேரத்துக்கு யார் கூலி கொடுப்பாங்க?

அதனால கடைக்காரங்க வாயைத் திறந்து காசு கேட்கட்டும்னுதான் நான் சொல்றேன். சென்சார் சுத்தம் செய்ய இவ்வளவு, உங்க படத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் சொல்லித்தர இவ்வளவு, லென்ஸை ரெண்டு நாள் எடுத்துட்டுப் போக இவ்வளவுன்னு பலகை மாட்டட்டும். எங்ககிட்டயே வாங்கினா அதைக் கழிச்சுக்கறோம்னு சொல்லட்டும். ரோல் காலத்துல பிரிண்ட் காசுக்குள்ள ஒளிஞ்சிருந்த கூலிதானே இது, இப்போ தனியா எழுதணும். ஐநூறு ரூபாய் கேட்டா நான் கொடுப்பேன். அப்புறம் முக்கியமா, அந்தப் பேட்டரியைக் கொஞ்சம் சார்ஜ்ல போட்டு வைங்கப்பா.