மதகுக்கு மூடியாகக் கிடந்த கல்



பாடசாலை விடுமுறை நெருங்கும்போது ஒரு சகோதரி என்னிடம் இப்படிக் கேட்டார்: "மௌலவி, பிள்ளைகளைக் கொழும்பு நூதனசாலைக்கும் காலிக் கோட்டைக்கும் கூட்டிச் செல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் மாமி, 'அங்கே சிலைகள்தானே இருக்கு' என்கிறார். பிள்ளைகளின் வாப்பாவோ, 'வெள்ளைக்காரன் விட்டுப்போன துருப்பிடித்த வாளையும் உடைந்த கோப்பையையும் பார்க்கக் காசு செலவழிக்க வேணுமா?' என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

தாராளமாகக் கூட்டிச் செல்லுங்கள் என்பதே என் பதில். ஒன்றை வணங்கி நிற்பது வேறு, அறிந்துகொள்வதற்காகப் பார்ப்பது வேறு. பூமியில் பயணம் செய்து முன்சென்றவர்களின் முடிவைச் சிந்திக்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகிறது. எனவே மாமிக்கு மரியாதையோடு விளக்கம் சொல்லலாம். பிள்ளைகளின் வாப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் சற்று நீளமானது.

முதலில் கொழும்பு தேசிய நூதனசாலையின் வாசலில் பிள்ளைகளை நிறுத்தி அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அமைத்தவர் ஆளுநர் வில்லியம் கிரெகரி. கட்டிக் கொடுத்தவரோ அரசி மரிக்கார் வாப்புச்சி மரிக்கார் என்னும் நம்மவர். "உமக்கு என்ன வெகுமதி வேண்டும்?" என்று ஆளுநர் கேட்டபோது அவர் பொன்னோ பட்டமோ கேட்கவில்லை, ஜும்ஆத் தினத்தில் நூதனசாலையை மூடிவிடுமாறு மட்டுமே கேட்டார் என்று சொல்லப்படுகிறது. நெடுங்காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டும் இருந்தது. பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மருதானைப் பாடசாலை 1892இல் தொடங்கப்படவும் அவர் முன்னின்றார். இவ்வளவையும் வாசற்படியிலேயே சொல்லி முடித்துவிடலாம்.

உள்ளே சென்றதும் மும்மொழிக் கல்வெட்டு எங்கே என்று விசாரியுங்கள். ஆளுயரக் கல் அது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. அவர் யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், அவருடைய தந்தை ஒரு ஹாஜி. 1409ஆம் ஆண்டு திகதியிடப்பட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் செதுக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையிலிருந்த தென்னாவரை நாயனாரைப் போற்றுகிறது. அரபு எழுத்தில் அமைந்த பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று பகுதிகளிலும் காணிக்கைப் பட்டியல் இருக்கிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையோரத்தில் அரபு எழுத்தை வாசிக்கும் மக்கள் மதிக்கப்பட்டு வாழ்ந்தனர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? போர்த்துக்கேயர் இங்கு வந்ததே 1505இல்தான்!

ஆனால் சகோதரிகளே, அந்தக் கல் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? 1911இல், காலி நகரத்தில், ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. எழுத்துகள் கீழ்நோக்கி இருந்தன. மேலே வண்டிகளும் மனிதர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். ஓர் எந்திரவியலாளரின் கண்ணில் பட்டதால் அது பிழைத்தது. பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்துவிட்டது. இதைப் பிள்ளைகளிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கலியாண உடுப்பு எடுக்கப் புறக்கோட்டைக்குப் போகாத பெண்கள் நம்மில் இல்லை. அங்கே பிரின்ஸ் வீதியில், தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு பழைய மாளிகை இருக்கிறது. ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் றீ வாழ்ந்த வீடு அது. பின்னர் தபால் நிலையமாகவும் இருந்து, 1982இல் ஒல்லாந்தர் நூதனசாலையானது. அதன் முன்னால் பொதியோடு எத்தனை தடவை நடந்திருப்போம்! அடுத்த முறை உள்ளே போய்ப் பாருங்கள்.

அங்கே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைக்கலாம். மேசை, அலுமாரி, ஜன்னல், சாவி எல்லாம் போர்த்துக்கேய மொழியிலிருந்து நம் வாய்க்கு வந்த சொற்கள். கந்தோர் ஒல்லாந்தச் சொல். எந்தப் பொருளின் பெயர் யாரிடமிருந்து வந்தது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பின்பு காலிக் கோட்டை. 1640இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, பெரிதாகக் கட்டிய கோட்டை அது. 1988இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள தேசிய நூதனசாலையில் பீரளு ரேந்தை பின்னும் கலையைக் காணலாம். மரத்துண்டுகளில் நூலைச் சுற்றி, பெண்களின் விரல்கள் செய்த வேலை அது. ஆளுநரின் நாற்காலிக்கு முன் நிற்கும் நேரத்தில் பாதியையாவது அந்த ரேந்தையின் முன் செலவழியுங்கள்.

பழைய ஒல்லாந்தப் பண்டகசாலையில் கடல்சார் தொல்பொருள் நூதனசாலை இருக்கிறது. 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய 'அவொன்ட்ஸ்டர்' கப்பலிலிருந்து எடுத்த பொருட்கள் அங்கே பேணப்படுகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது, கடலடியிலிருந்து பாடுபட்டு எடுத்தவற்றில் பலவற்றைக் கடலே திரும்பக் கொண்டு போய்விட்டது. எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்துத்தான் மீண்டும் நூதனசாலையைத் திறந்தார்கள்.

ஓவியத்தில் நாட்டமுள்ள பிள்ளை இருந்தால் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றத்துக்கும் கூட்டிச் செல்லுங்கள். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து ஓவிய முறையைப் பின்பற்றாமல் தமக்கென ஒரு வழி தேடிய '43 குழு' ஓவியர்களின் படைப்புகள் அங்கே இருக்கின்றன. எங்கு போவதாயினும் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி, அந்த மதகுக் கல்லுக்கு வருகிறேன்.

நான் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த காலம். நோன்புக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். லீவில் வந்திருந்த நான் ஒரு பழைய பெட்டியைத் துப்புரவாக்கினேன். உள்ளே உம்மம்மாவின் கொப்பி ஒன்று இருந்தது. அரபுத் தமிழில், கரைந்த மையில், அவரே எழுதியது. நான்கு வருடம் அரபு இலக்கணம் படித்த கர்வம் எனக்கு! 'எழுத்தெல்லாம் பிழை, ஏடும் செல்லரித்துவிட்டது, துஆக்கள் காலில் படக்கூடாது' என்று எண்ணி அதைப் பேணுதலாகக் கிணற்றடியில் புதைத்துவிட்டேன்.

மாலையில் உம்மா அதைத் தேடினார். நான் செய்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "அதிலதான் மகன், நீ பிறந்த நாளும் இருந்தது. மவுத்தாப் போன உன்ட நானாட நாளும் இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அந்த நானாவை நான் பார்த்ததில்லை. அவர் பிறந்த நாள் எது என்று சொல்ல இன்று எவருமில்லை.

சகோதரிகளே, கல்லைத் தலைகுப்புறப் போட்டவர்கள் கெட்டவர்களல்லர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நானும் பார்க்கவில்லை.

ஆகவே நூதனசாலையிலிருந்து திரும்பிய அன்றிரவே பிள்ளைகளோடு வீட்டு அலுமாரியைத் திறவுங்கள். பழைய கிதாபு, காணி உறுதி, கலியாணக் கடிதம், உம்மம்மாவின் வெற்றிலைத் தட்டம் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். தாள்களைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில் வையுங்கள். வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காகப் போத்தல், பேப்பர் எடுப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். இன்று உங்களுக்கு வாசிக்கத் தெரியாததை நாளை உங்கள் மகள் வாசிக்கலாம்.

மாமியிடமிருந்தே தொடங்குங்கள். அவரிடம் கேட்டு எழுத நிறைய இருக்கும். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லறிவைத் தருவானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.