நாற்று கருகினால் சாயத்தின் மேல் பழி

திருப்பூரில் யாராவது வீட்டுக்குப் பின்னால் நாலு தக்காளி நாற்று நட்டு, அது மூன்றாம் நாள் துவண்டு விழுந்தால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துத் தீர்ப்பே சொல்லிவிடுவார்: "சாயத்தண்ணி ஓடுன ஊருங்க, இங்க வெச்சா வருமா?" பனியன் கம்பெனி கேன்டீனிலும் டீக்கடையிலும் இதே தீர்ப்புத்தான். மண் கெட்டது, தண்ணி கெட்டது, காய்கறி வேண்டுமென்றால் சந்தைக்குப் போ.

இந்தப் பேச்சு ஒன்றுமில்லாமல் கிளம்பியதல்ல. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். கருப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயக் கரைசலில் 60 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுவார்கள். கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் அளவில்தான் உப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட கழிவு பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. ஆயக்கட்டுப் பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றப் படியேறியது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் நிலைமை மாறாததால், 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு மாறியவற்றைத்தான் பிறகு திறக்க முடிந்தது. பழைய உப்பு ஆற்றோரக் கிணறுகளில் இன்னும் தங்கியிருக்கிறது. சந்தேகம் இருப்பவர் ஒரு மடக்குக் குடித்துப் பார்க்கலாம்.

ஆனால் நொய்யல் கரை வேறு, திருப்பூர் மாவட்டம் வேறு. பட்டறைகள் அடர்ந்திருந்தது நொய்யலையும், அதில் வந்து சேரும் நல்லாறு, ஜம்மனை ஓடை போன்றவற்றையும் ஒட்டித்தான். தெற்கே பல்லடம், பொங்கலூர், குண்டடம், உடுமலை என்று போனால் தக்காளியும் சின்ன வெங்காயமும் வயல் வயலாக நிற்கின்றன. அங்கே பாய்வது பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும். 'இந்த ஊர் மண்ணில் ஒன்றும் வராது' என்பவர் விடியற்காலையில் உழவர் சந்தையில் பேரம் பேசி வாங்குவது பெரும்பாலும் இதே மாவட்டத்துத் தக்காளிதான். 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டத்தில் லட்சக்கணக்கான மரக்கன்றுகள் நடப்பட்டு, பல இடங்களில் தோப்பாகவே நிற்கின்றன. மரத்தையும் தக்காளியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மண் மொத்தமும் செத்துவிட்டது என்ற பேச்சுக்கு மட்டும் அது போதுமான பதில்.

"சரி, எங்க போர் தண்ணி உப்பு. அதுக்கு என்ன சொல்றீங்க?" என்பது அடுத்த வாதம். உப்பு என்றால் எவ்வளவு என்று கேட்க வேண்டும். செடிக்கும் அந்தக் கணக்குத்தான் முக்கியம். மண்ணின் உப்பை டெசிசீமன்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். பீன்ஸ் 1-ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். வெங்காயம் 1.2, மிளகாய் 1.5. தக்காளி 2.5 வரை அசராது, அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் பத்து சதவீதம் இழக்கும். பீட்ரூட் 4 வரை தாங்கும். கத்தரி வேடிக்கையானது: 1.1-லேயே இறங்கத் தொடங்கினாலும் அலகுக்கு ஏழு சதவீதம்தான் இழப்பதால், ஓரளவு உப்பிலும் காய்த்துக்கொண்டே இருக்கும்.

இதை வீட்டுக் கணக்காக மாற்றுவது எளிது. ஆர்.ஓ. மெஷின் மாட்ட வருபவர் கையில் வைத்திருக்கும் பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர் 1000 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 640-ஆல் வகுத்தால் தண்ணீரின் உப்பு அளவு ஏறக்குறைய 1.6. ஓரளவு வடிகால் உள்ள மண்ணில் இது ஒன்றரை மடங்காகத் தங்கும், அதாவது 2.4. அந்தத் தண்ணீரில் தக்காளி வரும், பீட்ரூட் வரும். பீன்ஸில் கால்வாசி விளைச்சல் போகும். 'சப்பைத் தண்ணி' என்ற ஒரே பெயரில் ஊர் எல்லாத் தண்ணீரையும் அழைப்பதால்தான் 800-ம் 4000-ம் ஒன்றாகிவிடுகின்றன. 4000 வரும் கிணறு நொய்யலோரத்தில் இருக்கலாம். அங்கே நாற்று கருகினால் சாயத்தைச் சொல்வது நியாயம்தான்.

மற்ற இடங்களில் செத்த நாற்றை ஒருமுறை பிடுங்கிப் பார்ப்பது நல்லது. யாரும் பார்ப்பதில்லை, செத்ததைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. பிடுங்கினால் குழித்தட்டில் இருந்த கூம்பு வடிவத்திலேயே தென்னை நார்த்தூள் கட்டி அலுங்காமல் வெளியே வரும். சுற்றி மண் ஈரமாக இருக்கும். கட்டி மட்டும் காய்ந்து, விரலால் நிமிண்டினால் பொடியாக உதிரும். வேர் ஒன்றுகூடக் கட்டியைத் தாண்டி மண்ணுக்குள் போயிருக்காது. தண்ணீருக்கு நடுவில் தாகத்தில் செத்த நாற்று இது. நார்த்தூள் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் லேசில் நனையாது, மேலே ஊற்றும் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு மண்ணில் இறங்கிவிடும். கட்டியின் தலை மண்ணுக்கு மேலே தெரிந்தால் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அதன் வழியே ஈரம் காற்றில் போய்விடும்.

இதற்கு வைத்தியம் பெரிதில்லை. நடுவதற்கு முன் தட்டோடு தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை வைக்க வேண்டும். குழியில் வைத்தபின் கட்டியின் மேல் ஒரு விரல்கடை மண் மூடி, சுற்றிலும் அழுத்திவிட வேண்டும். நட்ட உடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இதைத்தான். நகரத்தில்தான் அது மறந்துபோயிற்று.

நகரத்துக்கு இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. சந்தைக்குப் போய், கறி எடுத்து, அப்படியே நாற்றும் வாங்கி வந்து, சாப்பிடுமுன் நட்டுவிடலாம் என்று பன்னிரண்டு மணிக்கு மண்வெட்டியை எடுப்பார்கள். அதுவரை ஐம்பது சதவீத நிழல்வலைக்குள் வளர்ந்த பிள்ளை அந்த நாற்று. உச்சி வெயிலில் சூடேறிய மண்ணில் இறக்கினால் அன்று மாலையே தலை தொங்கிவிடும். வாங்கியதை நாலைந்து நாள் வாசலில் வைத்து, காலை வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிப் பழக்கி, ஷிப்ட் முடிந்து வந்த ஒரு சாயங்காலம் நட்டால் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

காற்றை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்றுக்காகத்தான் உடுமலை, தாராபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அத்தனை பெரிய இறக்கையைச் சுழற்றும் காற்று நாலு இலை நாற்றின் ஈரத்தை உறிஞ்ச எவ்வளவு நேரமாகும்? 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நட்டுவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. பழமொழி விதைக்கத்தான் சொல்கிறது. ஆடியில் நாற்றங்காலில் விட்ட விதை, தக்காளியானால் 25 நாள், மிளகாயானால் 35, 40 நாள் கழித்து நடவுக்கு வரும்போது ஆவணி பிறந்திருக்கும், காற்றின் வேகமும் அடங்கத் தொடங்கியிருக்கும். தட்டு நாற்றை ஆடி முதல் வாரத்திலேயே வாங்கி நடுபவருக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை. அவசரமென்றால் மேற்குப் பக்கம் தென்னை ஓலை ஒன்றைச் சாய்த்து ஊன்றலாம். தோட்டமானால் ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளத்தை முன்கூட்டியே விதைத்துவிடலாம்.

தப்பிப் பிழைத்த நாற்று மஞ்சளாக மாறும்போது பழைய குற்றச்சாட்டு மறுபடி எழும்: "பாருங்க, சாயம் ஏறிடுச்சு." இலையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும். உப்பின் வேலையானால் அடி இலையின் ஓரம் தீய்ந்தது போல் காயும். நுனித்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. இந்தப் பகுதியின் செம்மண் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்தது. அப்படிப்பட்ட மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. பட்டறைகள் வருமுன்பே இந்தச் சுண்ணாம்பு இங்கே இருந்தது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலை நனையத் தெளித்தால் அடுத்துவரும் தளிர் பச்சையாக வரும்.

உப்பை நாமே வீட்டுக்குள் கொண்டு வருவதும் நடக்கிறது. கழுவாத தென்னை நார்த்தூள் கட்டியில் இயல்பாகவே உப்பு இருக்கும். ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் தொட்டியில் நிரப்பினால் நாற்றுக்கு அங்கேயே ஆபத்து. ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றும் வீடுகள் ஏராளம். குடிக்கிற தண்ணீரிலிருந்து விலக்கிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர் அது. சாயப்பட்டறை நொய்யலுக்குச் செய்ததை வீட்டு மெஷின் தக்காளித் தொட்டிக்குச் செய்கிறது, அளவுதான் வேறு. அந்தத் தண்ணீர் தரை துடைக்கப் போகட்டும். நாற்றுக்கு முதல் பத்து நாள் குழாயில் வரும் நல்ல தண்ணி கிடைத்தால் நல்லது, அந்தப் பருவத்தில் எந்தச் செடியும் உப்பைத் தாங்குவது குறைவு.

'தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு கரைந்து போய்விடும்' என்பது பாதி உண்மை. வடிகால் இருந்தால்தான் கரைந்து போகும். தொட்டிக்கு அடியில் துளை இல்லாவிட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு தங்கும், கூடவே வேரும் அழுகும். வயலில் பார் பிடித்து நடுபவர்கள் பாரின் உச்சியை விட்டுப் பக்கவாட்டில் நடுவது இங்கே பழைய வழக்கம். ஈரம் ஏறி ஆவியாகும்போது உப்பு உச்சியில் போய்ப் படியும் என்பதால், உப்புத் தண்ணி பாயும் தோட்டத்தில் அந்தப் பக்கவாட்டு இடமே நாற்றைக் காப்பாற்றுகிறது.

கடைசியாக, 'கெட்ட மண்ணுக்குப் பெரிய நாற்றாக வாங்கு' என்ற யோசனை. நாற்றுப் பண்ணையில் பூவும் பிஞ்சுமாக நிற்கும் தக்காளி நாற்று கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். 98 குழித் தட்டில் ஒரு குழி கட்டைவிரல் அளவுதான். அதற்குள் நாற்பது நாள் இருந்த வேர் சுருண்டு சுருண்டு பாயாக முடைந்திருக்கும், மண்ணில் வைத்த பிறகும் சுற்றிய பழக்கத்தை விடாது. நாலைந்து இலையோடு குட்டையாக, தண்டு திடமாக இருக்கும் 25 நாள் நாற்று ஒரே மாதத்தில் அதை முந்திவிடும். வேறு வழியில்லாமல் வயதான தக்காளி நாற்றுத்தான் கிடைத்தது என்றால் பூவைக் கிள்ளி, அடிவேரை லேசாகப் பிரித்துவிட்டு, தண்டின் கால்வாசி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடலாம், தக்காளித் தண்டிலிருந்து புதுவேர் இறங்கும். மிளகாயில் இந்த வித்தை வேண்டாம். அது தட்டில் எந்த மட்டத்தில் நின்றதோ, அதே மட்டத்தில்தான் நட வேண்டும்.