பாட்டின் கீழே ஒரு பெயர்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் செல்லும் நண்பர்கள், நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை எட்டுமுன் உதியன்குளங்கரை என்னும் ஊர்ப்பெயரைக் கண்டிருப்பீர்கள். தமிழ் படித்தவன் நெஞ்சில் அப்பொழுது புறநானூற்றின் இரண்டாம் பாட்டு எழாதிருக்குமோ? பெருஞ்சோற்று உதியன் சேரலாதனை அதிலே பாடியவர் முரஞ்சியூர் முடிநாகராயர். இதனை நாம் எவ்வாறு அறிந்தோம்? பாட்டுக்குள் புலவர் தம் பெயரைச் சொல்லவில்லை. பாட்டின் கீழே எழுதப்பட்டிருந்த ஒரு குறிப்பு. ஏடு பெயர்த்து எழுதியோர் அதனையும் விடாது பெயர்த்தனர். அவ்வளவே.

குறுந்தொகையின் 40-ஆம் பாட்டுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. உலகமே வியக்கும் அப்பாட்டைப் பாடியவரை அவர் சொன்ன உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்கிறோம். பெற்றோர் இட்ட பெயர் போயிற்று!

இன்று நம் எழுத்து இணையத்தில் ஏறுகிறது. எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில், பக்கத்தின் தலைப்பகுதியிலே ‘மெட்டா’ என்றொரு குறி உண்டு. அதில் ‘ஆதர்’ என்று குறித்து, எழுதியவர் பெயரை இடலாம். படிப்பவர் கண்ணுக்குத் தெரியாது, கணிப்பொறிக்குத் தெரியும். ஒரே வரி. நம் மலரை இணையத்தில் ஏற்றுவோர் அந்த ஒரு வரியையும் எழுதுவதில்லை என்பதே என் குறை.

“கூகுளே கைவிட்டதன்றோ?” என்றார் ஒரு நண்பர். உண்மைதான். தேடல் முடிவுகளில் எழுதியவர் பெயரையும் படத்தையும் காட்டும் முறையை 2011-இல் தொடங்கி, குறியிட்டோர் சிலரே, அவருள்ளும் பிழைபட இட்டோர் பலர் என்று கண்டு 2014-இல் அந்நிறுவனம் நிறுத்தியது. நின்றது அந்தக் காட்சிதான். குறி இன்றும் எச்.டி.எம்.எல். இலக்கணத்தில் இருக்கிறது.

வெறுமனே ‘கண்ணன்’ என்று இட்டால் எந்தக் கண்ணன்? பழையோர் இதிலும் கெட்டிக்காரர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஊரையும் தொழிலையும், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று தந்தையையும் சேர்த்தே குறித்தனர். இன்று பெயரோடு, அவரைப் பற்றிய பக்கத்துக்கு ஓர் இணைப்பையும் கொடுத்துவிடலாம்.

ஒன்றை மறைக்க வேண்டா. கட்டுரையை மட்டும் படியெடுத்துப் போகிறவன் கையில் தலைப்பகுதி வராது. தலை அங்கேயே நிற்க, உடல் ஊர்சுற்றும். ஆதலின் தலைப்பின் கீழும் பெயர் வேண்டும், குறிக்குள்ளும் வேண்டும்.

மலர்க்குழுவினர் இக்கட்டுரையிலிருந்தே தொடங்கட்டும். என் பெயரின் தலைப்பெழுத்தை மட்டும் தயவுசெய்து சரிபார்த்து இடுக. சென்ற முறை மாறிவிட்டது.