தைத்தவள் தாய், தப்பித்தது சர்க்கார்!

அமெரிக்காவில் தாய்மார்கள் போர்வை தைக்கிறார்கள். குளிருக்காக அல்ல! தற்கொலைக்குப் பறிகொடுத்த பிள்ளையின் படத்தைத் துணியில் பதித்து, பெயரும் ஆண்டும் குறித்து, சதுரம் சதுரமாக இணைத்துத் தைக்கிறார்கள். 1987 அக்டோபரில், எய்ட்ஸ் நோய்க்குப் பலியானோருக்காக வாஷிங்டன் மைதானத்தில் 1,920 துண்டுகள் கொண்ட போர்வை விரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் 6 அடி நீளம், 3 அடி அகலம். அதாவது ஒரு சவக்குழியின் அளவு. 1990-களின் இறுதியில், தற்கொலையால் உறவினரை இழந்தவர்களும் ஊசியும் நூலும் எடுத்தார்கள்.

"செத்தவனுக்குப் போர்வை எதற்கு?" என்று கேலி பேசும் கனவான்கள் உண்டு. "குடும்ப மானத்தைக் கொடியில் காயப்போடுவதா?" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: காய்ச்சலில் இறந்தவன் பெயரை வாய்விட்டுச் சொல்லலாம்; வேதனை தாளாமல் இறந்தவன் பெயரை மட்டும் விழுங்கிவிட வேண்டுமா? உயிர் பிழைத்தவனைக் குற்றவாளியாக்கும் 309-வது பிரிவு, 2017-ல் பல் பிடுங்கப்பட்ட பிறகும், 2024 ஜூன் வரை நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இருந்ததே, அது எந்த மானத்தைக் காத்தது?

மறைத்த துயரத்துக்கு மருந்து கிடையாது. புள்ளிவிவரத்துக்கு முகம் கிடையாது. தாயின் ஊசி அந்த முகத்தைத் தருகிறது. ஆகவே அந்தப் போர்வையை நாம் வணங்குகிறோம்.

ஆனால் அதை வணங்கிவிட்டு வீட்டுக்குப் போகும் ஆட்சியாளர்களை நாம் விடமாட்டோம்! 1999-ல் அமெரிக்க சர்க்காரின் தலைமை மருத்துவர் அறைகூவல் விடுத்தார். 2001-ல் தேசியத் திட்டம் வந்தது. பலன் என்ன? 2000-க்கும் 2018-க்கும் இடையில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 37 சதவீதம் உயர்ந்தது. 2022-ல் மட்டும் 49,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அவற்றில் பாதிக்கு மேல் துப்பாக்கியால் போனவை. ஆனாலும் துப்பாக்கி வியாபாரத்தைத் தொடுவதென்றால் வாஷிங்டனுக்கு நடுக்கம்! தாய் தைக்கிறாள், வியாபாரி விற்கிறான், சர்க்கார் அனுதாபம் தெரிவிக்கிறது.

"தலைவிதி, தடுக்க முடியாது" என்பது பச்சைப் பொய். அண்டை நாடான இலங்கையைப் பாருங்கள்! கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபதே ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் வீழ்ந்தது. விளைச்சல் வீழ்ந்ததா? இல்லை! மனிதனின் இருண்ட நேரம் பெரும்பாலும் கடந்து போகும். அந்த நேரத்தில் சாவுக் கருவி கைக்கெட்டாமல் இருந்தால் அவன் பிழைப்பான். விதியை மாற்றியது ஒரு சட்டம்.

நம் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. துக்கம் கேட்கக்கூட நாம் தயங்கும் வீடு அது. அங்கே போவோம். இறந்தவனின் பெயரைச் சொல்வோம். தவிக்கிறவன் கண்ணில் பட்டால் தனியே விடமாட்டோம்; 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை அவன் கையில் கொடுப்போம். அதோடு நில்லாமல் ஆள்வோரைக் கேட்போம்: தாலுகா ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் எங்கே? கடைத்தெருவில் கொடிய விஷம் ஏன்?

போர்வை போர்த்துவது நம் கடமை. இன்னொரு துண்டு தைக்க வேண்டாத நாளைக் கொண்டுவருவது அதைவிடப் பெரிய கடமை!