பந்தா, பட்டமா? கனடிய இளையோர் உதைபந்தாட்டமும் உயர்கல்வியும்

விளையாட்டு பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து, மூலதனம் இடப்பட்டு இலாபம் எதிர்பார்க்கப்படும் தொழிலாக வளர்ந்துள்ள நாடுகளிலே, அத்தொழிலின் மூலப்பொருள் இளைஞரின் காலமே என்பது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றது. கனடிய உதைபந்தாட்டத்தின் அண்மைக்கால வளர்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். வட அமெரிக்காவின் மேஜர் லீக் சொக்கரில் ரொறன்ரோக் கழகம் 2007 இலும், வான்கூவர் வைற்கப்ஸ் 2011 இலும், மொன்றியல் கழகம் 2012 இலும் இடம்பெற்றன. இம்மூன்றும் பதின்ம வயதினருக்கான பயிற்சிக் கழகங்களை நடத்தி வருகின்றன. 2019 இல் கனடிய பிரீமியர் லீக் 7 கழகங்களுடன் ஆரம்பமாகியது. இவ்வளர்ச்சி வரவேற்கத்தக்கதே. ஆயின், இக்கழகங்களிற் காலடி வைக்கும் பதினைந்து வயதுச் சிறுவனிடம் அவை எதனைப் பெறுகின்றன, அதற்கு ஈடாக எதனைக் கொடுக்கின்றன என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

பயிற்சியையும் கல்வியையும் சமநிலைப்படுத்துவது இளைஞனது கடமை என்பதே பொதுவாகக் கூறப்படும் அறிவுரை. நேரத்தைத் திட்டமிடத் தெரிந்தவன் இரண்டிலும் வெல்வான். தெரியாதவன் தோற்பான் என்கின்றனர். கேட்பதற்கு இனிமையான இவ்வறிவுரை உண்மையில் ஓர் ஏமாற்றாகும். பயிற்சி நேரத்தைத் தீர்மானிப்பது கழகம். விரிவுரை நேரத்தைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகம். இரண்டில் ஒன்றையேனும் தீர்மானிக்கும் உரிமையற்ற ஒருவன் மீது இரண்டையும் இசைவிக்கும் பொறுப்புச் சுமத்தப்படுகின்றது. அமைப்பின் குறைபாடு தனிமனிதனின் ஒழுக்கக் குறைபாடாகக் காட்டப்படுகின்றது.

இவ்வறிவுரையை வழங்குவோர் தவறாது எடுத்துக்காட்டும் பெயர் அல்போன்சோ டேவிஸ். லைபீரியப் போரினால் இடம்பெயர்ந்த பெற்றோருக்குக் கானாவின் அகதி முகாமொன்றில் 2000 இற் பிறந்து, எட்மன்ரனில் வளர்ந்த அவர், பதினான்கு வயதில் வான்கூவர் பயிற்சிக் கழகத்திற் சேர்ந்தார். பதினைந்து வயதில், 2016 இல், மேஜர் லீக்கில் ஆடினார். 2018 இல் ஜேர்மனியின் பயேர்ண் மியூனிக் கழகம் அந்த லீக் அதுவரை கண்டிராத பெருந்தொகைக்கு அவரை வாங்கியது. அவரது திறமை போற்றுதற்குரியது. எனினும் விதிவிலக்கை விதியாகக் காட்டுவது நேர்மையாகாது. ஒரு டேவிஸ் உருவாகும் களத்தில் அவருடன் பயின்று, பத்தொன்பது வயதில் விடுவிக்கப்படுவோர் பலர். முழங்காலில் ஏற்படும் ஒரு காயம் போதும், கனவு கலைந்துவிடும். வென்றவரும் முப்பத்தைந்து வயதளவில் வேறு தொழில் தேடவேண்டியவரே.

பல்கலைக்கழகம் ஆட்டத்திறனை மழுங்கச் செய்யும் என்ற வாதமும் வரலாற்றின் முன் நிற்பதில்லை. கைல் லாரின் கனெக்ரிகட் பல்கலைக்கழகத்தில் ஆடியபின், 2015 ஆம் ஆண்டு மேஜர் லீக் வீரர் தெரிவில் முதலாமவராகத் தெரிவுசெய்யப்பட்டு, அப்பருவத்திலேயே 17 கோல்கள் அடித்தார். பெண்கள் அணி இதனினும் வலுவான சான்று. 2025 இல் நோர்தேன் சுப்பர் லீக் தோன்றும்வரை கனடாவிற் பெண்களுக்கெனத் தொழில்முறை உதைபந்தாட்ட லீக் இருக்கவில்லை. ஆகவே அவர்களுட் பெரும்பாலோர் ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை நாடினர். கிறிஸ்ரீன் சின்கிளயர் போட்லண்ட் பல்கலைக்கழகத்திலும், ஜெசி பிளெமிங் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலும் பயின்றவர்கள். 2021 இல் நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் வெற்றிக்குரிய தண்ட உதையை அடித்த ஜூலியா குறோசோ அப்போது ரெக்சாஸ் பல்கலைக்கழக மாணவி. பட்டப்படிப்பு அவர்களின் தங்கப் பதக்கத்தைத் தடுக்கவில்லை.

அமைப்புகள் மனம் வைத்தால் வளைந்துகொடுக்கலாம் என்பதற்கும் சான்றுண்டு. கனடிய பிரீமியர் லீக் பல்கலைக்கழக அணிகளிலிருந்து வீரரைத் தெரிவுசெய்யும் முறையினை 2018 இல் ஏற்படுத்தியது. தெரிவாகும் மாணவர் கோடையிலே கழகத்துக்கு ஆடி, இலையுதிர்காலத்திலே தம் பல்கலைக்கழக அணிக்குத் திரும்ப இடமளிக்கும் ஒப்பந்தமும் உண்டு. றினிற்றி வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜோயல் வாட்டர்மன் அவ்வாறு தெரிவாகி, 2020 இல் அந்த லீக்கிலிருந்து மேஜர் லீக்குக்குச் சென்ற முதல் வீரரானார். 2022 உலகக் கிண்ண அணியிலும் இடம்பெற்றார். ஆயினும் இஃது ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் இருப்பவனுக்கே உதவுகின்றது. பயிற்சிக் கழகத்திற் பாடசாலைப் பருவத்தைச் செலவிட்டு, பின் கைவிடப்பட்டவனுக்கு இதனால் யாது பயன்?

விடையைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. அது கனடாவின் பனித்தள ஹொக்கியிலேயே உள்ளது. வெஸ்ரேண் ஹொக்கி லீக் 1993 முதல், தன் இளைய வீரர் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுப் பல்கலைக்கழகக் கட்டணத்தையும் பாடநூற் செலவையும் புலமைப்பரிசிலாக வழங்கி வருகின்றது. அதில் நிபந்தனைகளும் காலவரையறையும் உள, அவை குறைகூறத்தக்கவையே. ஆனால் இளைஞனின் ஓராண்டை எடுப்பவன் ஓராண்டைத் திருப்பித்தர வேண்டும் என்ற கோட்பாடு அங்கு ஏற்கப்பட்டுள்ளது. உதைபந்தாட்டக் கழகங்களிடம் பணமில்லை என்போர், இருபதினாயிரத்துக்கும் குறைந்த மக்கள் வாழும் சுவிப்ற் கரன்ற் நகரின் அணியும் அந்த லீக்கில் ஆடுவதை மனங்கொள்ள வேண்டும். விதிகள் மாற்ற முடியாதவை என்போர் மற்றொன்றை அறிதல் தகும்: அந்த இளையோர் ஹொக்கியில் ஆடியோரை நெடுங்காலம் விலக்கிவைத்த ஐக்கிய அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2024 நவம்பரில் அத்தடையை நீக்கத் தீர்மானித்தது, 2025 ஓகஸ்ட் முதல் அது நடைமுறைக்கு வந்தது.

பல்கலைக்கழகங்களும் குற்றமற்றவை அல்ல. வான்கூவர் கழகத்தின் பயிற்சி நிலையம் 2017 முதல் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழக வளாகத்திலேயே அமைந்துள்ளது. நிலத்தைப் பகிர முடியுமாயின் நேரத்தைப் பகிர முடியாதா? பகுதிநேரப் பதிவு, மாற்றுப் பரீட்சைத் தினம், தொலைக்கல்வி ஆகியன அரிய சலுகைகள் அல்ல. அல்பேட்டாவின் அதபாஸ்காப் பல்கலைக்கழகம் தொலைக்கல்வியையே தன் அடித்தளமாகக் கொண்டது.

இப்பிரச்சினையின் வர்க்கப் பரிமாணம் ஈண்டு அவதானிக்கத்தக்கது. மகன் தோற்றாலும் பின்னர் படிப்பிக்க வசதியுள்ள குடும்பம் அவனைத் துணிந்து பந்தயத்தில் இறக்கலாம். கல்வியொன்றையே முதுசொமாகக் கொண்டு ரொறன்ரோவிற் குடியேறிய ஈழத்தமிழர் முதலிய குடிவரவாளர் குடும்பங்களுக்கு அத்துணிவு எங்ஙனம் வரும்? அவர்களது பிள்ளைகளுள் ஒருவன் பந்தை விட்டு நூலையும், மற்றொருவன் நூலை விட்டுப் பந்தையும் பற்றுகின்றான். இருவரும் இழப்பவரே, உதைபந்தாட்டமும் இழக்கின்றது.

ஆகவே, சமநிலை பற்றிய உபதேசம் போதும். பயிற்சிக் கழகத்திற் செலவிடும் ஒவ்வோராண்டுக்கும் ஓராண்டு உயர்கல்விச் செலவு ஒப்பந்தத்தில் எழுதப்படல் வேண்டும். காயமுற்றாலும், விடுவிக்கப்பட்டாலும், தொழில்முறை வீரனாக உயர்ந்தாலும் அது பறிக்கப்படலாகாது. இப்பொழுதுதான் தோன்றியுள்ள பெண்கள் லீக், ஆண்களின் பழைய வழக்கங்கள் அங்கும் இறுகிவிடுமுன், இதனை முதலில் எழுதிவைக்கட்டும். இளைஞரின் காலம் இலவசமாகக் கிடைக்கும் பண்டமன்று. அதனைப் பெற்றவர் கடன்பட்டவர். கடன்பட்டவர் அதனைக் கல்வியாகத் திருப்பிச் செலுத்துவதே முறை.