பிள்ளைகளும் வசவும்

ஓசூர் சிப்காட் பக்கத்தில் குடியிருக்கும் தோழர்கள் பலர் நம்மிடம் ஒரு குறை சொல்லுகிறார்கள். அதாவது, "பிள்ளைகள் கெட்டுப்போகின்றன, தெருவில் கன்னடத்தில் வைகின்றன, தெலுங்கில் வைகின்றன, இப்போது இந்தியிலும் வைகின்றன, எல்லாம் வேற்றூரான் வந்ததால் வந்த வினை" என்பதாகும். வினை என்ற ஒன்றை நாம் ஒப்புக்கொள்வதில்லை என்பது ஒருபுறமிருக்க, இந்தக் குறையில் எவ்வளவு நியாயமிருக்கிறது என்று பார்ப்போம்.

ஓசூர்ப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் நேற்று வந்தவையல்ல. 1956-ல் ராஜ்யங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது இந்தத் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு நின்றதேயொழிய, ஜூஜுவாடிக்கு இப்பால் ஒரு நாக்கு, அத்திப்பள்ளிக்கு அப்பால் ஒரு நாக்கு என்று ஜனங்களை யாராலும் பிரிக்க முடியவில்லை. பிறகு தொழிற்சாலைகள் வந்தன. ஒடிசா, பீகார், அஸ்ஸாம் முதலிய இடங்களிலிருந்து தொழிலாளர் வந்தனர். இன்று ஒரே காம்பவுண்டில் நாலு பாஷைப் பிள்ளைகள் கூடி விளையாடுகின்றன. புதுப் பாஷை கற்கிற பிள்ளை சீக்கிரம் கற்பது வசவைத்தான். இது எந்தத் தேசத்திலும் உள்ளது.

தமிழ்த் தாய் "என் மகனே" என்று கொஞ்சுகிறாள். அதே வார்த்தையைக் கன்னடத்தில் "நன் மகனே" என்றோ, தெலுங்கில் "நா கொடகா" என்றோ தெருவில் ஒருவனைப் பார்த்துச் சொன்னால் கைகலப்பில் முடியும். ஏன்? "உன் தாய்க்கும் எனக்கும் தொடர்பு உண்டு" என்பது அதன் உட்பொருள். (நமது சென்னைப் பட்டணத்து "மவனே"யும் இதற்குத் தூரத்து உறவுதான்.) ஆகவே, அடி விழுவது எதிரே நிற்கிறவன்மேல் அல்ல, எங்கேயோ வேலை செய்துகொண்டிருக்கும் அவனுடைய தாயின்மேல்.

இன்னொன்றைக் கவனியுங்கள். வடநாட்டான் "சாலா" என்கிறான். அதற்கு மனைவியின் சகோதரன் என்று அர்த்தம். அங்கே அது வசவு. நம்மவன் "மச்சான்" என்கிறான். அதுவும் அந்த உறவுதான். இங்கே அது சிநேகம். பெங்களூர்ப் பையன்களும் "மச்சா" என்றுதான் தோளில் கை போடுகிறார்கள். ஒரே உறவு அங்கே ஏச்சாகவும் இங்கே பிரியமாகவும் இருப்பானேன்? வடநாட்டு ஜாதிகள் பெரும்பாலானவற்றில் பெண் கொடுத்தவன் தாழ்ந்தவன், பெண் எடுத்தவன் உயர்ந்தவன். "உன் சகோதரியை எடுத்தவன் நான்" என்பதே "சாலா"வின் திமிர். தமிழிலோ மனைவியின் சகோதரனும் மச்சான், அக்காளின் புருஷனும் மச்சான். மாமன் மகள், அத்தை மகள் என்று கொள்வதும் கொடுப்பதும் இரண்டு பக்கமும் நடந்ததால் அந்த மேல்கீழ் இந்தச் சொல்லில் ஏறவில்லை. இதைக்கொண்டு நாம் பெருமை பேச வேண்டியதில்லை. மாமன் மகள் என்ற உரிமையின் பேரில் பெண்ணின் சம்மதத்தைக் கேளாமல் கட்டிவைத்ததும் நம்மவர்தாம்.

நிற்க, நமது சொந்தச் சரக்கைச் சற்றுப் பார்ப்போம். தமிழில் "முண்டை", "அறுதலி", தெலுங்கில் "முண்ட", கன்னடத்தில் "போளி மகன்", இந்தியில் "ராண்ட்". நாலுக்கும் பொருள் ஒன்றே: விதவை. போளி என்றால் மொட்டைத் தலைச்சி. புருஷன் செத்த பெண்ணின் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்தவர்கள், அந்த மொட்டைத் தலையையே நாலு பாஷையிலும் வசவாக்கி வைத்திருக்கிறார்கள். எல்லைக்காகவும் தண்ணீருக்காகவும் சண்டையிடும் ராஜ்யங்கள் இந்த ஒரு காரியத்தில் எவ்வளவு ஒற்றுமை! விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்தது 1856-ல். அந்தச் சட்டம் வாய்க்குள் இன்னும் நுழையவில்லை.

"சண்டாளா" என்பதைப் பல வீடுகளில் வசவாகவே எண்ணுவதில்லை. பாட்டி பேரனைச் செல்லமாகக்கூடச் சொல்லுகிறாள். சண்டாளன் யார்? சூத்திரனுக்குப் பார்ப்பனப் பெண்ணிடம் பிறந்தவன் என்கிறது மனுதர்ம சாஸ்திரம். ஆக, ஜாதி வசவைச் சுரண்டிப் பார்த்தாலும் அடியில் இருப்பது ஒரு தாயைப் பற்றிய ஏச்சுத்தான். அந்தச் சொல்லை இழிவாக வழங்கினால் 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி நடவடிக்கை வரும் என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் 2024-ல் எச்சரிக்கை செய்யவேண்டி வந்தது.

பிற தேசத்து வசவெல்லாம் இப்படித்தானா என்று கேட்கலாம். கனடாவில் மொன்றியல் நகரில் ஈழத்தமிழர் ஏராளமாகப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அங்கே பிரஞ்சு பேசுவோரின் பெரிய வசவுகள் மாதா கோயிலின் அப்பப்பேழை, திருக்கிண்ணம், அப்பம் என்பவற்றின் பெயர்கள்! பாதிரிமாரின் நெடுநாள் ஆதிக்கத்தில் கசந்துபோன ஜனங்கள் கோயில் பாத்திரங்களையே வசவாக்கினார்கள். அந்தப் பேழையின் பெயரைச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை கண்டிக்கப்பட்டால் தமிழ்த் தாய் விழிக்கிறாள். அவளுக்கு அது வெறும் பெட்டி. பேழைக்கும் கிண்ணத்துக்கும் மானம் இல்லை, அழுவதும் இல்லை. விதவைக்கு உண்டு.

ஆகவே ஓசூர்த் தோழர்களை நாம் கேட்பது ஒன்றுதான். "சாலா" என்று சொன்ன பிள்ளையை அறைகிறீர்களே, அறையும்போது உங்கள் வாயிலிருந்து வருவது என்ன? பிள்ளை எந்தப் பாஷையில் கேட்டு வந்தாலும் அடிக்காமல் உட்காரவைத்து, இந்தச் சொல் இன்னாரை வைகிறது, இன்ன காரணத்தால் வைகிறது என்று சொல்லிக்கொடுப்பதில் என்ன கஷ்டம்? பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். கோபமே வரக்கூடாது என்றும் நாம் சொல்லவில்லை. கூலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் காண்டிராக்டரைத் திருடன் என்று பிள்ளை தாராளமாகத் திட்டட்டும். அவனுடைய தாயை விட்டுவிடட்டும்.